பழைய டிவி கேம் கன்ட்ரோலருக்குக் கையால் ஒரு மரக்கூடு

பிளாஸ்டிக் கூடு உடைந்துவிட்டது என்பதற்காகவே எத்தனையோ நல்ல கன்ட்ரோலர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டும் ரப்பர் பேடும் ஒயரும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதில்லாமல் இருக்கும். போனது கூடு மட்டும்தான். அந்தக் கூட்டை மரத்தில், வீட்டிலிருக்கும் கைக்கருவிகளைக் கொண்டே செய்துகொள்ள முடியும். தச்சு வேலையில் பெரிய தேர்ச்சி இதற்குத் தேவையில்லை. தேவைப்படுவது பொறுமையாக அளவெடுக்கும் பழக்கம். பொத்தானுக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள தூரம் அரை மில்லிமீட்டர் மாறினாலும் கட்டைவிரல் உடனே கண்டுகொள்ளும். அழகான மரத்தில் பளபளவென்று செய்து முடித்த கூடு விளையாடுவதற்கு உதவாமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

நான் எடுத்துக்கொண்டது, தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற, ஒன்பது ஊசி பிளக் கொண்ட செவ்வகக் கன்ட்ரோலர். கூரியரில் வந்தபோது உள்ளே சரியாகப் பொதி வைக்காததால் மேல்கூடு குறுக்கே விரிந்து, ஒரு திருகுத் தூணும் முறிந்திருந்தது. இந்த வகைக் கன்ட்ரோலர்களுக்கெல்லாம் மூலம் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமும், அதையே மாற்றியமைத்து 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த என்.இ.எஸ். இயந்திரமும்தான். இடப்பக்கம் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பொத்தானை குன்பே யோகோய் 1982-இல் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றுக்காக வடிவமைத்தார். அதுவே இங்கும் வந்தது. ஆகவே உங்களிடம் இருப்பது அசல் என்.இ.எஸ். கன்ட்ரோலராக இருந்தாலும் அதன் நகலாக இருந்தாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் துண்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். உடையாத அசல் கூட்டை இதற்காக அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அது உங்களுக்கு அளவுகோலாக அப்படியே இருக்கட்டும்.

பிரிப்பதும் சுத்தம் செய்வதும்

பின்பக்கத் திருகுகளைச் சிறிய ஸ்டார் ஸ்குரூடிரைவரால் கழற்றுங்கள். கன்ட்ரோலரைக் கவிழ்த்து வைத்தபடியே பின்மூடியை மட்டும் தூக்கினால், உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். எதையும் தொடுவதற்கு முன் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, ஒயர் உள்ளே நுழைந்ததும் எந்தத் தூண்களைச் சுற்றி வளைந்து போகிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த வளைவுதான் வெளியே இழுக்கும் இழுப்பு சோல்டர் வரை போகாமல் தடுக்கிறது.

அசல் என்.இ.எஸ். கன்ட்ரோலரின் போர்டில் 4021 என்ற ஒரே ஒரு சிப் இருக்கும். எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்து, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயர் வழியே அனுப்புவது அதன் வேலை. அதனால்தான் எட்டுப் பொத்தான்களுக்கு ஐந்தே ஒயர்கள் போதுமாகின்றன. நகல்களில் அந்த சிப்புக்குப் பதிலாக எபாக்ஸியால் மூடிய ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். அதை அழுத்தவோ சூடாக்கவோ கூடாது. அது போனால் மாற்றுவதற்கு வழியில்லை. நல்ல வேளையாக, இந்த வேலை முழுவதிலும் சோல்டரிங் அயர்னைத் தொட வேண்டிய தேவையே வராது.

ரப்பர் பேடின் அடியில் கார்பன் பொட்டுகளும், போர்டில் அவை படும் இடங்களில் கருப்புப் பூச்சும் இருக்கும். காதுக்குடையும் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். அழி ரப்பரோ உப்புத்தாளோ கொண்டு தேய்த்தால் கார்பன் படலமே உரிந்துவிடும். இந்த நிலையில் கன்ட்ரோலரை ஒருமுறை டிவியில் மாட்டி எட்டுப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கெட்டுப்போன போர்டுக்குக் கூடு செய்து முடித்தபின் அழுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அளவெடுத்தல்

வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். நீள அகலங்களில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. உயரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

முதல் அளவு, முகப்பின் வெளிப்பரப்பிலிருந்து போர்டின் மேற்பரப்பு வரை உள்ள தூரம். பொத்தான்களையும் ரப்பர் பேடையும் எடுத்துவிட்டு, போர்டை அதன் இடத்தில் வைத்து, பொத்தான் துளை வழியாகக் காலிப்பரின் ஆழக்கோலை இறக்கிப் பாருங்கள். என்னுடையதில் 6.4 மி.மீ. வந்தது. இரண்டாவது, முகப்புப் பிளாஸ்டிக்கின் தடிமன். என்னுடையது 2 மி.மீ. மூன்றாவது, அழுத்தாத நிலையில் பொத்தான் முகப்புக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பது, 2.2 மி.மீ. இவற்றோடு ஒவ்வொரு பொத்தானின் தண்டு விட்டத்தையும், அதன் அடியில் அகன்றிருக்கும் விளிம்பின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தான் வெளியே விழுந்துவிடாமல் தடுப்பது அந்த விளிம்புதான். சில பொத்தான்களின் விளிம்பில் சிறு காது ஒன்று நீண்டிருக்கும். அதற்கும் பின்னால் இடம் விட வேண்டும்.

கூடு உடைந்து, போர்டு சரியாக உட்காராத நிலையில் இருந்தால் குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண் கைகொடுக்கும். களிமண்ணைச் சிறு உருண்டையாக்கி, ரப்பர் பேட் இல்லாமல் போர்டுக்கும் முகப்புக்கும் நடுவே வைத்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உள் இடைவெளி. அதோடு முகப்பின் தடிமனைக் கூட்டினால் முதல் அளவு கிடைத்துவிடும்.

இப்போது கணக்கு. இரண்டு மில்லிமீட்டர் மரப்பலகை விரல் பட்டாலே விரிந்துவிடும் என்பதால் முகப்புக்கு நான் 4 மி.மீ. பலகை எடுத்தேன். ஆனால் பொத்தானின் தண்டு 2 மி.மீ. பிளாஸ்டிக்குக்காக வார்க்கப்பட்டது, 4 மி.மீ. பலகை வழியே வந்தால் வெளியே தலை நீட்டக்கூட நீளம் இருக்காது. ஆகவே பொத்தான்கள் வரும் இடங்களில் மட்டும் பலகையைப் பின்புறமிருந்து 2 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, அங்கே 2 மி.மீ. தடிமன் மட்டும் மிஞ்சும்படி செய்ய வேண்டும். போர்டு முகப்பிலிருந்து 6.4 மி.மீ. தள்ளி நிற்க வேண்டுமென்பதால், 4 போக மீதி 2.4 மி.மீ. உயரத்துக்குச் சிறு தாங்குகட்டைகளைப் பலகையின் பின்புறம் ஒட்டி, அவற்றின் மேல் போர்டை உட்கார வைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் பக்கவாட்டு வெட்டுப்படமாக வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது ஐந்து முறையாவது அதைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

எந்த மரம்

தேக்கு எளிதில் கிடைக்கும், வளையாது. ஆனால் அதன் எண்ணெய்ப் பசையால் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். ஈட்டி மரம் பார்க்க ராஜகம்பீரம். அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். என் தேர்வு பலா. வீணையும் மிருதங்கமும் செய்ய நம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிய மரம் அது. கைக்கருவிக்கு இணங்கிக் கொடுக்கும். அறுத்த அன்று மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்பட ஆண்டுக்கணக்கில் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். தச்சுப் பட்டறையில் கதவு, ஜன்னல் வேலையில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கினாலே போதும். ஒரு முழம் இருந்தால் இரண்டு கூடு செய்யலாம். வைரம் பாய்ந்த பகுதியைப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெள்ளையை வண்டு துளைக்கும்.

வாங்கிய துண்டைப் பலகையாக இழைத்து, விளையாடும் அறையிலேயே இரண்டு மூன்று வாரங்கள் காற்றோட்டமாக வைத்திருங்கள். மரம் ஈரக்காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும்; அதுவும் ரேகையின் போக்கில் ஏறக்குறைய அசையாது, ரேகைக்குக் குறுக்கேதான் அசையும். எனவே கூட்டின் மூன்று அடுக்குகளான முகப்பு, போர்டைச் சுற்றி வரும் நடுச்சட்டம், அடிமூடி எல்லாவற்றிலும் ரேகை கன்ட்ரோலரின் நீளவாட்டத்தில் ஓட வேண்டும். மூன்றும் ஒரே திசையில் விரிந்தால்தான் ஒட்டு விடாது.

முகப்பு

கூட்டின் முகப்பு உங்களிடம் இருந்தால் வேறு வார்ப்புரு தேவையில்லை. இருபக்க டேப்பால் அதைப் பலகையின் மேல் ஒட்டி, ஒவ்வொரு துளையின் ஓரமாகவும் கூரான கத்தி முனையால் கோடு இழுங்கள். பென்சில் கோடு தடிமனாகி ஏமாற்றும். உடைந்து சிதறிய கூடாக இருந்தால், துண்டுகளைச் சேர்த்து வைத்து மேலே மெல்லிய தாளைப் போட்டு, சிறுவயதில் நாணயத்தைப் பிரதியெடுத்தது போலப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் துளைகளின் இடம் தாளில் விழும்.

ஏ, பி பொத்தான்களின் மையத்தைக் குறித்த பின், மெல்லிய துளைப்பான் ஊசியால் பலகையின் இருபுறமும் தெரியும்படி ஒரு முன்துளை போடுங்கள். முதலில் பின்புறமிருந்து, அடி தட்டையாகக் குடையும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் 2 மி.மீ. ஆழத்துக்குக் குடைவு, அதன் பிறகே முன்புறமிருந்து தண்டுக்கான துளை. இந்த வரிசையை மாற்றினால் குடையும் பிட்டுக்கு மையம் கிடைக்காமல் அலையும். குடைவின் விட்டம் பொத்தான் விளிம்பைவிட ஏறக்குறைய 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வேண்டாத மரத்துண்டு ஒன்றில் இதே வேலையை ஒருமுறை செய்து, பொத்தானைப் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல பலகையில் கை வையுங்கள்.

தண்டுக்கும் துளைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதில் நான் ஒருமுறை தவறினேன். பங்குனி வெயிலில் செய்த முதல் கூட்டில், ஆட்டமே இல்லாமல் இருக்கட்டும் என்று முடி அளவு இடைவெளி மட்டும் விட்டேன். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஏ பொத்தான் அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. ஃபேமிகாமின் தொடக்கக்காலக் கன்ட்ரோலர்களிலும் பொத்தான் சிக்கிக்கொள்ளும் தொல்லை இருந்தது. சதுர ரப்பர் பொத்தான்கள் அழுந்தியபடியே நின்றதால்தான் பின்னர் வட்ட பிளாஸ்டிக் பொத்தான்களுக்கு மாறினார்கள். மரத்துக்கு, தண்டைச் சுற்றிலும் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை விடுங்கள். செய்து முடித்த அன்று கொஞ்சம் ஆடுவதுபோல் தோன்றும். அது ஆட்டமல்ல, மழைக்காலத்துக்கான ஒதுக்கீடு.

கூட்டல் குறித் துளைதான் முழு வேலையிலும் கடினமானது. நான்கு உள்மூலைகளிலும் மரம் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். 2 மி.மீ. தடிமனில், ரேகை குட்டையாக ஓடும் அந்த முனைகள் அரம் பட்டாலே உதிர்ந்துவிடும். இதற்கு வழி, குடைவை முடித்ததும் கோட்டைச் சுற்றிலும் மெல்லிய வகை சூப்பர் குளூவைச் சொட்டு சொட்டாக மரத்தில் ஊறவிட்டு, நன்கு காயவைத்த பிறகு அறுப்பது. பசை ஊறிய மரம் பிளாஸ்டிக்கைப் போல உறுதியாகிவிடும். குறியின் நடுவில் ஒரு துளை போட்டு, ஃபிரெட் ரம்பத்தின் இழையை அதில் நுழைத்து, கோட்டுக்கு உள்ளேயே அரை மில்லிமீட்டர் விட்டு அறுங்கள். மிச்சத்தைச் சதுர ஊசி அரத்தால், முன்புறமிருந்து பின்புறமாகத் தள்ளும் ஒரே திசையில் எடுங்கள். திருப்பி இழுத்தால் முகப்பில் சிம்பு பெயரும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை பொத்தானைப் போட்டு, நான்கு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். இந்தப் பொத்தான் நேராக இறங்குவதில்லை, நடுவை ஊன்றிக்கொண்டு சாய்கிறது. ஒரு கை அழுந்தும்போது எதிர்க்கை எழும்ப வேண்டும். அதனால் அதன் கைகள் துளையின் ஓரத்தில் எங்குமே உரசக் கூடாது.

செலக்ட், ஸ்டார்ட் இரண்டும் இத்தகைய கன்ட்ரோலர்களில் ரப்பராகவே இருக்கும். இரண்டு சிறு துளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இடையை அரத்தால் எடுத்தால் நீள்துளை கிடைத்துவிடும். ரப்பர் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஓரத்தை 400 எண் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

நடுச்சட்டமும் அடிமூடியும்

நடுச்சட்டத்துக்கு 10 மி.மீ. பலகை. வெளி அளவுக்கு இப்போதே அறுக்க வேண்டாம்; சுற்றிலும் ஒரு விரல்கடை அதிகமாக விட்டுவிட்டு, உள்ளே போர்டு உட்காரும் சன்னலை மட்டும் முதலில் அறுத்தெடுங்கள். சன்னலின் நான்கு மூலைகளையும் செங்கோணமாக எடுக்காமல் திருகு இறங்கப் போதுமான சதை விட்டு வளைவாக நிறுத்துங்கள். குட்டைப் பக்கங்களில் ரேகை குறுக்கே ஓடுவதால் சட்டம் தனியாக இருக்கும்வரை பலவீனமாகத்தான் இருக்கும். அதை முகப்போடு ஃபெவிகால் பூசி ஒட்டி, கிளாம்ப் போட்டு இரவு முழுதும் விட்டபின், இரண்டையும் சேர்த்து வெளிக்கோட்டில் அறுத்தால் ஓரங்களும் ஒன்றாகப் பொருந்தும், சட்டமும் உடையாது. சன்னலுக்குள் வழியும் பசையை உடனே குச்சியால் வழித்துவிடுங்கள்.

ஒயருக்குத் துளை போடக் கூடாது. துளை போட்டால் அதன் வழியே பிளக் நுழையாது, நுழைப்பதற்காக ஒயரை அறுத்து மீண்டும் ஒட்ட வேண்டி வரும். சட்டத்தின் மேல் விளிம்பில், அடிமூடி வந்து உட்காரும் பக்கம் திறந்திருக்கும்படி, வட்ட அரத்தால் ப வடிவப் பள்ளம் ஒன்று வெட்டினால் ஒயரை மேலிருந்து அப்படியே படுக்க வைத்துவிடலாம். உள்ளே முகப்பின் பின்புறம் இரண்டு மூங்கில் முளைகளை அடித்து, பழைய கூட்டில் இருந்தது போலவே ஒயரை அவற்றைச் சுற்றி வளைத்து விடுங்கள். வெளியிலிருந்து ஒயரை நன்றாக இழுத்தாலும் போர்டுப் பக்கம் ஒயர் அசையக் கூடாது.

அடிமூடி 4 மி.மீ. பலகை. இதை ஒட்டக் கூடாது. திறந்து மூடும்படி நான்கு சிறு திருகுகள் போட வேண்டும். திருகை நேரே மரத்தில் இறக்கினால் நாலைந்து முறை கழற்றியதும் மறை போய்விடும் என்பதால், மூலைகளில் பித்தளை மறைக்குழல்களை அரால்டைட் வைத்துப் பதித்து எம்3 திருகு போட்டேன். அடிமூடியின் உட்புறத்தில், கூட்டல் குறிப் பொத்தானுக்கும் ஏ, பி பொத்தான்களுக்கும் நேர் பின்னால், போர்டின் முதுகைத் தொடும்படி சிறு கட்டைகள் வைத்து அவற்றின் மேல் மெல்லிய ஃபெல்ட் ஒட்டுங்கள். முதுகுத் தாங்கல் இல்லாவிட்டால் அழுத்தும்போது போர்டே பின்னால் வளையும், பொத்தானில் உயிர் இருக்காது. சோல்டர் புள்ளிகள் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டையை வையுங்கள்.

வெளி விளிம்புகளை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டலாம். செவ்வகக் கன்ட்ரோலரின் கூர்மூலைகள் அரைமணி நேரத்தில் உள்ளங்கையைக் குத்தும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். நின்டெண்டோவே 1993-இல் என்.இ.எஸ். இயந்திரத்தை மறுவடிவம் செய்தபோது இரு முனையும் உருண்ட கன்ட்ரோலரைத்தான் கொடுத்தது. அரத்தில் தொடங்கி, 120, 180, 240, 320 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், கண்ணை மூடிக்கொண்டு கையில் பிடித்துப் பாருங்கள். எங்கே இன்னும் எடுக்க வேண்டும் என்று உள்ளங்கை சொல்லும். தூளுக்கு முகக்கவசம் அவசியம்.

மெருகும் பொருத்தலும்

அரக்கு பாலிஷ் கண்ணுக்கு அழகு. ஆனால் வியர்த்த கைகள் மணிக்கணக்கில் பிடிக்கும் பொருளுக்கு அது தாங்காது, வெளுத்துப் பிசுபிசுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரத்தில் மிச்சத்தை முழுவதும் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி தடவுங்கள். மூன்று கை போதும். ஒரு வாரம் காய்ந்தபின் தேன்மெழுகு. துளைகளின் உட்சுவரில் எண்ணெய் கட்டி நிற்காமல் பஞ்சால் ஒற்றி எடுங்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூட்டில் குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போட்டுக் காயவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

முகப்பைக் கவிழ்த்து வைத்து, பொத்தான்கள், ரப்பர் பேட், போர்டு, ஒயர் என்ற வரிசையில் அடுக்கி அடிமூடியைத் திருகுங்கள். திருகை இறுக்க இறுக்கப் பொத்தான் கனமானால் முதுகுத் தாங்கல் அதிகம் என்று பொருள்; கட்டையைச் சிறிது தேய்த்துக் குறைக்க வேண்டும். மாரியோவை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல சோதனை. அதில் கட்டைவிரலின் நுனியால் பி-யை அழுத்தி ஓடிக்கொண்டே விரலின் நடுப்பகுதியால் ஏ-யை அழுத்திக் குதிக்க வேண்டும். இரண்டு பொத்தான்களின் உயரத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஓட்டம் அறும், அல்லது குதிப்பு தவறும். எந்தப் பொத்தான் தாழ்ந்திருக்கிறதோ அதன் அருகிலுள்ள தாங்குகட்டையை 320 எண் உப்புத்தாளில் நாலைந்து முறை தேய்த்தால் போர்டு முகப்பை நெருங்கி, பொத்தான் மேலே வரும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். பொத்தான் எங்காவது உரசியிருந்தால் துளையின் சுவரில் அந்த இடம் மட்டும் மினுமினுப்பாகத் தெரியும். 400 எண் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, அந்த இடத்தில் மட்டும் இரண்டே இழுப்பு இழுத்து, தூளை ஊதிவிட்டு மூடுங்கள்.